புளி போட்டுத் தேய்த்த பீரங்கிக் கூடு

இன்று காலை மாடிப்படியில் இறங்கும்போதே புளி வாசனை.

சாம்பார் இல்லை. வெறும் புளி. ஊறவைத்த பச்சைப் புளி.

எங்கள் வீட்டில் அந்த வாசனை வந்தால் அம்மா விளக்கு தேய்க்கிறாள் என்று அர்த்தம். ஆனால் விளக்கெல்லாம் பூஜை அலமாரியிலேயே இருந்தன.

ஹால் மேஜையைப் பார்த்தேன். நேற்று நான் வைத்த பீரங்கிக் கூடு அங்கே இல்லை!

(தெரியாதவர்களுக்கு: நான் பழைய போர்ச் சாமான்கள் சேர்ப்பவள். இது முதல் உலகப் போரில் சுட்டு முடித்த பீரங்கிக் குண்டின் பித்தளைக் கூடு. உள்ளே மருந்து கிடையாது, வெடிக்காது. அப்பா இதை மட்டும் நான்கு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.)

சமையலறைக்கு ஓடினேன்.

சிங்க் பக்கத்தில் ஒரு துண்டின் மேல் நின்றது. தங்கம் மாதிரி மின்னியது. சந்தனம், குங்குமம் வேறு!

"எப்படி இருக்கு பாரு! ஒரு மணி நேரம் தேச்சேன்டி. கையே போச்சு."

எனக்குப் பேச்சு வரவில்லை. (வழக்கமாகவே வராது. இது வேறு வகை.)

என்னைப் போலச் சேர்ப்பவர்களுக்கு அந்தக் கறுப்புதான் எல்லாம். நூறு வருடமாகத் தானாக ஏறிய கறுப்பு. தேய்த்துவிட்டால் அதுவும் ஒரு பித்தளைச் சொம்புதான்.

இன்று நான்கு மணிக்கு பக்கத்து ஊர் பேர்லேண்டிலிருந்து நூர்ஜஹான் ஆன்ட்டி அதை வாங்கிப்போக வருவதாக இருந்தது. அவரும் என்னைப் போலச் சேர்ப்பவர்தான். அவரிடம் இதே மாதிரி, இதே கறுப்பில் ஒன்று இருக்கிறது. ஜோடி சேர்க்க ஆசை. பதிலுக்கு எனக்கு ஒரு பூ ஜாடி. யாரோ ஒரு சிப்பாய் இப்படி ஒரு கூட்டைத் தட்டித் தட்டி, இலை இலையாகச் செதுக்கியது. ஒரு வருடமாக அதன் போட்டோவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பத்தாவதோடு பள்ளியை விட்ட பிறகு, வெளியாள் ஒருவரிடம் நானே பேசி முடித்த முதல் காரியம் இது. போனில். பதினொரு நிமிடம்!

"அம்மா, அந்தக் கறுப்புக்காகத்தான் ஆன்ட்டி வாங்கிக்கறாங்க."

"என்னது, அழுக்குக்காகவா?"

"ஆமா."

"அடுத்தவங்க வீட்டுக்குப் போற சாமானை அழுக்கோட குடுத்தா என்னைப் பத்தி என்னடி நினைப்பாங்க?"

பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ஸ்க்ரப்பரைக் கீழே வைத்துவிட்டாள்.

அப்பா எட்டிப் பார்த்தார். "உலகத்துலயே குண்டுக்குப் பொட்டு வெச்ச ஒரே ஃபேமிலி நாமதான்."

யாரும் சிரிக்கவில்லை.

ஒரு வழி இருந்தது. அவித்த முட்டையை நசுக்கி, கூட்டோடு பெட்டியில் வைத்து மூடினால் சில மணி நேரத்தில் பித்தளை கறுத்துவிடும். பார்க்கப் பழசு மாதிரியே இருக்கும்.

எங்கள் வீட்டில் முட்டை கிடையாது. கேக் வாங்கினாலும் அம்மா லேபிள் படிப்பாள்.

"முட்டையா?" என்றாள். என் முகத்தை இன்னொரு முறை பார்த்தாள். "கராஜ்ல பண்ணிக்கோ. தனிப் பாத்திரம். எதுவும் உள்ள வரக்கூடாது."

அப்பா போய் ஒரு டஜன் வாங்கி வந்து, கேம்பிங் அடுப்பில் அவரே அவித்தார்.

பெட்டியைத் திறந்தேன். ஒரு முட்டையை உரித்தேன்.

அப்போதுதான் ஆன்ட்டி போனில் சொன்னது ஞாபகம் வந்தது. "நீ எதுவும் பண்ணாம அப்படியே வெச்சிருக்கே பாரு, அதுதாம்மா எனக்குப் பிடிச்சது."

காலிப் பெட்டியை மூடினேன்.

மெசேஜ் அனுப்பிவிடலாம் என்று மூன்று முறை டைப் செய்து அழித்தேன். அதற்குள் பெல் அடித்துவிட்டது.

"ஆன்ட்டி, அம்மா புளி போட்டுத் தேச்சுட்டாங்க. கறுப்பு போயிடுச்சு. சாரி." (ஒரே மூச்சில். செருப்பைக்கூட அவர் கழற்றவில்லை.)

ஆன்ட்டி கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யா அல்லா! பொட்டு வேற வெச்சிருக்கீங்க!"

"நல்லா இருக்கணும்னுதாங்க..." என்றாள் அம்மா.

"இது இப்ப எனக்கு வேணாம்மா. ஜோடி சேராது."

தெரிந்ததுதான். இருந்தாலும் கண் கரித்தது.

"ஆமா, கராஜ்லேர்ந்து என்ன முட்டை வாசனை? உங்க வீட்லயா?"

சொன்னேன்.

"அப்போ கறுக்க வெச்சே குடுத்திருக்கலாமே?"

"அது பொய்க் கறுப்பு ஆன்ட்டி."

ஆன்ட்டி சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "ஜாடியை வேற யாருக்கும் குடுக்க மாட்டேன். இது தானா கறுக்கட்டும். அப்புறம் மாத்திக்கலாம்."

"எத்தனை வருஷம் ஆகும்?"

"பதினஞ்சு வெச்சுக்கோ."

"எனக்கு முப்பத்திரண்டு ஆயிடும்!"

"எனக்கு எவ்ளோ ஆகும்னு நெனச்சியா?"

எல்லோரும் சிரித்தோம். என் சத்தம்தான் அதிகம்.

போகும்போது ஆன்ட்டி கையில் பதினொரு அவித்த முட்டைகள். (பன்னிரண்டாவது அப்பா வயிற்றில். அம்மாவிடம் யாரும் சொல்ல வேண்டாம், ப்ளீஸ்!)

ஜாடி வரவில்லை. ஆனாலும் இன்று நல்ல நாள்.

ஆன்ட்டி கார் தெரு திரும்பியதும் கூட்டை என் ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தேன்.

பிறகு சமையலறைக்குப் போய், புளி டப்பாவை எடுத்து வந்து என் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவிட்டேன்.