அரசரின் பத்திரமும் கமலியின் நாற்காலியும்

2004 ஓகஸ்ட், சனிக்கிழமை. ஜெர்மனியின் எசன் நகரிலிருந்து காலை ஏழேகாலுக்குப் புறப்பட்டோம். பின்னிருக்கையில் வழக்கமாக எங்களோடு பயணம் செய்யும் இடியப்பப் பெட்டியை இம்முறை ஏற்றவில்லை. ஆஸ்பத்திரிக் குசினியில் பதினெட்டு வருடமாக மற்றவர்களுக்குத் தட்டு நிரப்பும் என் மனைவி கமலி ஒரே நிபந்தனைதான் விதித்திருந்தாள்: ஒரு நேரமாவது யாரேனும் சமைத்து, அவள் இருந்த இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

டென்மார்க் எல்லைக்குச் சற்றுத் தெற்கே, முன்னர் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிச்சென்ற சாலையில் இருக்கிறது நாங்கள் சாப்பிட நினைத்திருந்த சத்திரம். சேர்ந்தபோது மணி இரண்டு இருபது. கோரைப்புல் கூரை, தாழ்ந்த உத்தரம். உத்தரத்தை என் நெற்றிதான் முதலில் கண்டுபிடித்தது.

"இரண்டு மணியோடு சமையல் முடிந்தது. ஐந்தரைக்கு வாருங்கள்," என்றார் சத்திரக்காரர்.

"எழும்பும், பெற்றோல் ஸ்டேசனில பாணாவது வாங்குவம்," என்றேன் கமலியிடம்.

"நான் எழும்பமாட்டன். நீங்கள் வேணுமெண்டால் போங்கோ."

கைப்பையை மேசைமேல் வைத்தாள். நங்கூரம் இறங்கிவிட்டது.

சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட, ஜெர்மன் மொழியில் எழுதிய பழைய பத்திரமொன்று தொங்கியது. அகதி விண்ணப்பக் காலத்திலிருந்து எந்தக் காகிதத்தையும் கடைசி வரிவரை வாசிப்பவன் நான். டென்மார்க் அரசர் இந்தச் சத்திரத்துக்கு வரிவிலக்குக் கொடுத்திருக்கிறார். பதிலுக்கு, சாலைவழி வரும் எவரையும் பசியோடு திருப்பி அனுப்பக்கூடாது. அந்த இடத்தில் விரலை வைத்தேன்.

"அந்த அரசர் செத்துவிட்டார். 1864 போருக்குப் பிறகு இது டென்மார்க்கும் இல்லை," என்றார் சத்திரக்காரர்.

"சாலை இருக்கிறதே. பத்திரம் செல்லாதென்றால் கழற்றிவிடுங்கள்."

அவர் காது சிவந்தது. பத்திரத்தைப் பார்த்தார், கமலியைப் பார்த்தார். "சமையல்காரி போய்விட்டாள். அடுப்பு இருக்கிறது. உங்கள் மனைவி வேண்டியதைச் சமைக்கட்டும்."

"ஏலாது," என்றாள் கமலி. பிறகு அதையே ஜெர்மன் மொழியிலும் சொன்னாள்.

ஆகவே ஆண்கள் இருவரும் குசினிக்குள் போனோம். அவர் உருளைக்கிழங்கு பொரித்தார். நான் முட்டை உடைத்தேன், கொஞ்சம் ஓடும் சேர்த்து. தட்டை அவரே கொண்டுபோய்க் கமலியின் முன்னால் வைத்தார்.

ஒரு வாய் தின்றாள். "உப்புக் காணாது."

நான் மொழிபெயர்த்தேன், சத்திரக்காரர் உப்பெடுக்க ஓடினார். இருவருக்கும் பதினேழு யூரோ. என் உழைப்புக்குக் கழிவு தரவில்லை.

காரில் ஏறியதும் கமலி சொன்னாள்: "எங்கட வீட்டுச் சுவரிலயும் அப்பிடியொரு பத்திரம் மாட்டவேணும், என்னைப் பசியோட விடக்கூடாதெண்டு."

"ஆர் கையெழுத்து வைக்கிறது?"

"அரசர்தான் செத்துப்போனாரே. நான் வைக்கிறன்."