சிவப்பு நாடா கட்டிய அட்டை

போன வருடம் காளி பூஜைக்கு முந்தைய வாரம், கொல்கத்தா நியூ டவுனில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எதையும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். அதனால் அன்றைய காலையை முதலில் அப்படியே எழுதிவிடுகிறேன்.

1. காலை 6.40: என் அம்மாவின் அம்மா, எங்கள் ஆச்சி, பாதி காபி குடித்தாள். "ஃபேனைக் கொஞ்சம் குறைட்டி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். பிறகு திறக்கவில்லை. வயது எண்பத்தாறு.

2. 7.15: எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் டாக்டர் வந்து பார்த்து, சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்.

3. 7.30: சென்னையில் இருக்கும் மாமாவுக்குச் சொன்னோம். ஒன்பதரை மணி விமானத்தில் அவருக்கு டிக்கெட் எடுத்தேன். வேலை விஷயமாக ராஞ்சியில் இருந்த அப்பா காரில் கிளம்பினார். அவர் வர சாயங்காலம் ஆகும்.

4. 8.00: ஆச்சியின் ஃபைலைத் திறந்து, தகனத்துக்கு வேண்டிய தாள்களை எடுத்து, ஒவ்வொன்றாக டிக் செய்தேன். எதுவும் விடுபடவில்லை என்று நினைத்தேன்.

5. 10.00: விமானம் இப்போதுதான் கிளம்புகிறது என்று மாமா செய்தி அனுப்பினார். அதன்பின் அவர் போன் அணைந்துவிட்டது. இறங்க பன்னிரண்டரை ஆகும்.

6. 10.10: கீழ் வீட்டுப் பெங்காலி அம்மா ரஜனிகந்தா பூங்கொத்தோடு வந்தார். நாங்கள் அவரைக் காகிமா என்று கூப்பிடுவோம், அவர் ஆச்சியை மாஷிமா என்பார். ஆச்சியின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு என்னிடம் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"கண்ணுக்கு ஆள் வந்துட்டுப் போயாச்சா?"

எனக்குப் புரியவில்லை. எந்தக் கண்ணுக்கு என்று கேட்டேன். காகிமா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மாஷிமா கண்தானம் எழுதிக் கொடுத்திருக்காங்களே. மூணு வருஷம் முன்னாடி, பூஜைப் பந்தல் பக்கத்துல நம்ம கிளப் போட்ட ஸ்டால்ல. சாட்சிக் கையெழுத்தே என்னோடதுதான். அட்டை ஃபைல்ல இருக்கு, பேத்தி பார்த்துக்குவான்னு சொன்னாங்க."

அந்தப் பேத்தி நான்தான். ஃபைலும் என்னிடம்தான் இருந்தது.

இந்த இடத்தில் ஆச்சியின் ஃபைலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் ஆச்சியைப் பற்றியும் சொன்ன மாதிரி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணமாகி கொல்கத்தா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். தாத்தா ரயில்வேயில் கிளார்க். ஆச்சிக்கு முப்பத்துநாலு வயதாகும்போது அவர் போய்விட்டார். மாமாவுக்கு அப்போது பதினொன்று, அம்மாவுக்கு ஆறு. தாத்தா வேலையில் இருக்கும்போதே இறந்ததால் ஆச்சிக்கு அதே ஆபீசில் ஒரு வேலை கொடுத்தார்கள். ரெக்கார்டு ரூமில் ஃபைல் எடுத்துக் கொடுக்கும் வேலை. ஊருக்குத் திரும்பி வந்துவிடு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்களாம். பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்கும் என்று ஆச்சி போகவில்லை. ஃபைல் மேல் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும் என்பதற்காக, அம்மாவின் ஒன்றாம் வகுப்பு பெங்காலிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். இருபத்தாறு வருடம் அந்த அறையில் வேலை பார்த்து, இரண்டு பேரையும் படிக்க வைத்து, அதன்பின் என்னையும் வளர்த்தாள்.

அந்த ஆபீசில் ஒரு பழக்கம் இருந்ததாம். அன்றைக்கே பார்த்தாக வேண்டிய தாளைக் கட்டின் மேலே வைத்து, சிவப்பு நாடாவால் கட்டிவிடுவார்கள். அதைப் பார்க்காமல் யாரும் அன்றைக்கு அறையைப் பூட்டக் கூடாது. நைந்துபோய்த் தூக்கிப் போடும் நாடாவை ஆச்சி வீட்டுக்குக் கொண்டு வந்து துவைத்து, அம்மாவுக்கு ரெட்டைச் சடை போட்டுக் கட்டிவிடுவாள். ரிப்பன் வாங்கித் தரச் சொல்லி அம்மா அழுததும் உண்டு.

வேலையை விட்ட பிறகும் ஆச்சியின் பழக்கம் போகவில்லை. தினமும் காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது லிஃப்ட் வரை வந்து, "அட்டை, சாவி, போன்" என்று கேட்பாள். மூன்றையும் தொட்டுக் காட்டினால்தான் விடுவாள். நான் சால்ட் லேக் செக்டார் ஃபைவில் சாஃப்ட்வேர் சோதிக்கும் வேலை செய்கிறேன். எது எங்கே தப்பாகப் போகலாம் என்று பட்டியல் போடுவதுதான் எனக்குச் சம்பளம் வாங்கித் தரும் வேலை.

ஆச்சி போவதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆச்சியின் ஃபைலை ஒழுங்குபடுத்துகிறேன் என்று உட்கார்ந்தேன். மொத்தம் முப்பத்தொரு தாள்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, தலைப்பு வாரியாகப் பிரித்து, முதல் பக்கத்தில் அட்டவணை வைத்தேன். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தாளத் தேட ஒனக்கு இம்புட்டு கம்ப்யூட்டர் வேணுமாக்கும். எனக்கு மூக்கு போதும்ட்டி."

ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்ன அட்டை சிவப்பு நாடாவில் கட்டியிருந்தது. முழுக்கப் பெங்காலி எழுத்து. ஒரு ஓரத்தில் கண் படம். நான் பிறந்து வளர்ந்தது கொல்கத்தாவில்தான். பெங்காலி தமிழைவிட வேகமாகப் பேசுவேன். ஆனால் படித்தது இந்தியும் இங்கிலீஷும் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடம், அதனால் பெங்காலி படிக்க வராது. கண் படத்தைப் பார்த்ததும், ஆச்சி கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டபோது கொடுத்த அட்டை என்று முடிவு செய்துவிட்டேன். ஆச்சி கையில் கீரையோடு, "அது மேலேயே இருக்கட்டும்" என்றாள். நானும் சரி என்றேன். ஆனால் மேலே ஆதார் இருக்க வேண்டும் என்று என் அட்டவணை சொன்னது. நாடாவை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அட்டையை 'மருத்துவம், பழையது' என்ற பிரிவில் கடைசிக்கு முந்தைய தாளாக வைத்தேன்.

அது என்ன என்று ஆச்சியைக் கேட்டிருக்கலாம். போனைக் காட்டியிருந்தால் அது மொழிபெயர்த்திருக்கும். இரண்டுக்கும் பத்து வினாடிகூட ஆகியிருக்காது.

ஆச்சி போன அன்றைக்கு, ஃபைலின் பின்னாலிருந்து நான் தேடி எடுத்த அந்த அட்டையைக் காகிமா வாங்கி, முன்னும் பின்னும் படித்துக் காட்டினார். அதிலிருந்த கண் வங்கியின் எண்ணுக்குப் போன் செய்தேன். பேசிய இளைஞர் உயிர் பிரிந்த நேரத்தைக் கேட்டார். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், வயதானவர் என்பதால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்றார். அட்டை மட்டும் போதாது, மகனோ மகளோ ஒருவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். "நாங்க இப்பவே கிளம்பறோம். வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகலாம். அதுக்குள்ள பேசி முடிவு பண்ணுங்க. ஃபேனை நிறுத்திடுங்க, ஈரப் பஞ்சை இமை மேல வையுங்க, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்க."

மூன்றையும் செய்தேன். அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணன் வராம நான் எப்படிப் போடுவேன்?"

இது வெறும் பயம் இல்லை. எங்கள் வீட்டில் எந்த முடிவானாலும், "அண்ணன்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோ" என்று சொல்லி வளர்த்தவள் ஆச்சிதான். அம்மாவின் கல்யாணம், இந்த வீடு வாங்கியது, என் காலேஜ் எல்லாமே மாமாவிடம் கேட்டுத்தான்.

"கொள்ளி வைக்கப் போறவன் அவன். கண்ணில்லாத முகத்தை அவன்கிட்ட எப்படிக் காட்டுவேன்?"

காலை எட்டு மணிக்கே அட்டை என் கையில் கிடைத்திருந்தால், மாமா விமானத்தில் ஏறுவதற்கு முன் கேட்டிருக்கலாம். அவர் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லியிருப்பார். எதுவானாலும் அது அவருடைய பதிலாக இருந்திருக்கும். இப்போது அவர் இறங்கும்போது எங்களுக்குக் கால் மணி நேரம்கூட மிஞ்சாது.

பதினொன்று முப்பத்தைந்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். என் வயதில் ஒரு பெண், கையில் பெட்டியோடு ஒரு பையன். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்கள். வற்புறுத்தவில்லை. பன்னிரண்டு மணிக்காவது ஆரம்பித்தால் நல்லது, அதற்குமேல் போனால் பயன்படுமா என்று சொல்ல முடியாது என்று மட்டும் அந்தப் பெண் சொன்னாள். காகிமா என் முகத்தைப் பார்த்தார், நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அப்போதுதான் அம்மா தலையைத் தூக்கி என்னைக் கேட்டாள்.

"ஃபைல்ல இது எங்க இருந்துச்சு?"

கடைசிக்கு முந்தைய தாள் என்று சொல்லியிருந்தால், ஆச்சி இதைப் பெரிதாக நினைக்கவில்லை என்று அம்மா எடுத்துக்கொண்டிருப்பாள். பேச்சு அதோடு முடிந்திருக்கும். என் தப்பும் யாருக்கும் தெரியாது. அது என் மனதில் ஓடியது என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

"எல்லாத்துக்கும் மேல இருந்துச்சும்மா. நான்தான் எடுத்துப் பின்னால வச்சேன்."

"கட்டியிருந்துச்சா?"

"ஆமா. சிவப்பு நாடா. நான் அவுத்துட்டேன்."

அம்மா என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் ஆச்சியின் முகத்தையே பார்த்தாள்.

"பேனா குடு."

கையெழுத்துப் போடும்போது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. சாட்சியாகக் காகிமாவும் நானும் போட்டோம். கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடம் வேலை செய்தார்கள். வெளியே வந்ததும் அந்தப் பெண் அம்மாவைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். உள்ளே போய்ப் பார்த்தோம். ஆச்சி முன்பு எப்படிக் கண்ணை மூடியிருந்தாளோ அப்படியேதான் இருந்தாள். அம்மா முந்தானையால் ஆச்சியின் நெற்றியில் இருந்த ஈரத்தைத் துடைத்தாள்.

மாமா வரும்போது மணி ஒன்று பத்து. அம்மாதான் சொன்னாள், நின்றுகொண்டே, ஒன்றும் விடாமல்.

"ஒரு மணி நேரம் பொறுக்கக் கூடாதா?"

"முடியாதுண்ணே. முடிஞ்சிருந்தா பொறுத்திருப்பேன்."

மாமா என் பக்கம் திரும்பினார். "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"இன்னைக்குப் பத்து மணிக்கு மாமா. ஆனா அட்டை ரெண்டு வருஷமா என்கிட்டதான் இருந்துச்சு."

அவர் ஆச்சியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார். சாயங்காலம் வாய்க்கரிசி போடும்போது அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். செய்ய வேண்டிய எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்தார். பதினாறாம் நாள் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது அம்மாவிடம், "எனக்கு மனசு ஆறல. ஆனா உன்மேல கோபம் இல்ல" என்றார். என்னிடம், "ஃபைலைப் பத்திரமா வை" என்றார். அது குத்தலா, சாதாரணமாகச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. பெற்றுக்கொண்டோம், நன்றி என்று இரண்டு வரி. யாருக்குப் பொருத்தினார்கள், பொருத்தினார்களா, ஆராய்ச்சிக்குப் போனதா என்று அதில் இல்லை. சொல்லவும் மாட்டார்களாம். அதைப் படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடுகள் காட்டின.

இப்போது நிலைமை இதுதான். மாமா ஞாயிற்றுக்கிழமை தோறும் வழக்கம்போல் அம்மாவிடம் பேசுகிறார், அந்த விஷயத்தை மட்டும் எடுப்பதில்லை. நான் காகிமாவிடம் பெங்காலி எழுத்துப் படிக்கிறேன், பஸ் பலகை வரை வந்திருக்கிறேன். அம்மாவின் ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே, அம்மா கையாலேயே கட்டிய சிவப்பு நாடாவில், அதே மாதிரி ஓர் அட்டை இருக்கிறது. இந்த முறை அதை மாமாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். லிஃப்ட் வாசலில் அட்டை, சாவி, போன் என்று நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன். ஒருத்தி தன் வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்காக எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, தனக்கென்று ஒன்றே ஒன்றைத்தான் மேலே வைத்தாள். அதை நான் நகர்த்தி வைத்தேன் என்பதும், நேரம் கடப்பதற்குள் அதை ஒப்புக்கொண்டேன் என்பதும், இரண்டும் சேர்ந்தேதான் எனக்கு ஞாபகம் வருகிறது.