வேப்பிலை வைத்த பாட்டு நோட்டு

பாட்டு நோட்டைக் காணோம் என்று தெரிந்த அந்த வியாழக்கிழமை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தவக்காலம் மூன்றாம் வாரம். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டில்லி மயூர் விஹாரில் மகன் வீட்டில் இருக்கிறேன். நம் பங்கில் தமிழ்த் திருப்பலி தொடங்கிய நாளிலிருந்து பாடகர் குழுவில் இரண்டாம் குரல். கடைசி வரிசை, தூண் மறைவு. அதுதான் எனக்கு வசதி.

'ஆண்டவரே இரக்கமாயிரும்' முதல் 'செம்மறியே' வரை திருப்பலிப் பாட்டு முழுவதையும் நம் ஆரோக்கியம் மாஸ்டர் நாலு குரலுக்கு அமைத்து, தன் கையாலேயே எழுதிய நோட்டு அது. ஐந்து கோடு, கருப்புப் புள்ளிகள், அடியில் தமிழ் வார்த்தை. இருப்பது ஒன்றே ஒன்று. பிள்ளைகள் படம் எடுக்கக் கேட்டாலும், "போன்ல ஏறினா மனசுல ஏறாது" என்று மாஸ்டர் விடமாட்டார். இப்போது அவருக்குக் கை நடுக்கம். இன்னொரு தடவை எழுத முடியாது.

அந்த நோட்டை என்னிடம்தான் கொடுத்து வைத்திருந்தார். பாடுகிறவர்கள் மூச்சு எடுக்க வேண்டிய இடமெல்லாம் நான் சிவப்புப் பென்சிலால் சின்னச் சிலுவை போட்டிருந்தேன். பூச்சி அரிக்காமல் இருக்கப் பக்கத்துக்குப் பக்கம் வேப்பிலை.

அன்று காலை மருமகள் ஸ்டெல்லா, "அத்தை, பீரோவைத் திறந்தா ஒரே வேப்பிலை நாத்தம். காஞ்சதையாவது மாத்துங்களேன்" என்றாள். மாற்றினேன். குக்கர் விசில் அடித்தது. நோட்டைப் பழைய பேப்பர் கட்டின் மேல் வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். அந்த நேரம் பார்த்துப் பழைய பேப்பர் எடுக்கும் கபாடிக்காரர் வாசலில் வந்து நின்றார். "லே ஜாவோ பையா" என்று நானேதான் எடுத்துப் போகச் சொன்னேன்.

மத்தியானம்தான் நினைவு வந்தது. கீழே ஓடினேன். தெருவில் ஒருவரும் இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு பயம். சனிக்கிழமை பயிற்சியில் மாஸ்டர் கேட்டபோது, "வீட்ல இருக்கு மாஸ்டர், மறந்துட்டேன்" என்று பொய் சொன்னேன். கோயிலுக்குள் நின்றுகொண்டே சொன்னேன். அவர் சிரித்து, "உங்ககிட்ட இருந்தா லாக்கர்ல இருக்கிற மாதிரி" என்றார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது. அந்தோனியார் நாள். அவர் படத்தின் முன் மெழுகுதிரி ஏற்றி அழுதேன். "காணாமல் போனதைக் காட்டித் தருகிறவரே, எனக்காக ஆண்டவரிடம் பேசும். நோட்டு கிடைத்தால், வாயே திறக்காத நான் எல்லார் முன்னாலும் வாய் திறக்கிறேன்" என்று பொருத்தனை வைத்தேன்.

திரி பாதிகூட எரியவில்லை. கீழே கேட்டில் ஒரே சத்தம்.

எட்டிப் பார்த்தால் கபாடிக்காரர்! ஒரு நீளக் குச்சியின் நுனியில் பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறார். உள்ளே என் நோட்டு. கிட்டே போனதும் கத்தினார்: "அம்மாஜி, யே ஜாதூ-டோனா வாபஸ் லோ!"

இந்தச் சூனியத்தைத் திரும்ப வாங்கிக்கொள் என்கிறார்! புரியாத எழுத்து, கருப்புப் புள்ளி, சிவப்புக் குறி, வேப்பிலை. பார்த்ததும் அவர் மனைவி பயந்து, காகிதக் கூழுக்குப் போகவிடாமல் மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். அன்றைக்கே ரிக்‌ஷா டயர் இரண்டு முறை பஞ்சராம். கொடுத்தவள் கையிலேயே சேர்த்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறாள்.

"நஹீன் பையா, பிரார்த்தனா கா கானா", ஜெபப் பாட்டு என்றேன். அவர் நம்பவில்லை. வேறு வழி தெரியாமல் நோட்டைத் திறந்து, அந்த நடுத்தெருவில் 'ஆண்டவரே இரக்கமாயிரும்' பாடிவிட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்தது இரண்டாம் குரல்தானே! தனியாகக் கேட்டால் அதில் ராகமே இருக்காது, முணுமுணுப்பு மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். மந்திரம் போடுகிறேன் என்று நினைத்து அவர் இரண்டடி பின்னால் போனார்.

அப்போது பால்கனியிலிருந்து முதல் குரல் கேட்டது. ஸ்டெல்லா! ஞாயிறுதோறும் திருப்பலியில் கேட்டுப் பழகியதைக் கையில் கரண்டியோடு பாடுகிறாள். இரண்டு குரலும் சேர்ந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அச்சா, பஜன் ஹை!" என்று குச்சியைக் கீழே போட்டார். ஸ்டெல்லா இறங்கி வந்து அவருக்கு டீ கொடுத்தாள். என் பக்கம் திரும்பி, "நாலு நாளா இதுக்குத்தான் சாப்பிடாம இருந்தீங்களா அத்தை? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கண் கலங்கினாள்.

அந்தோனியார் பொருத்தனையின் முதல் தவணையைத் தெருவிலேயே வாங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அன்று மாலையே மாஸ்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். நோட்டைப் பக்கம் பக்கமாகத் தடவிப் பார்த்தார். பிறகு, "இத்தனை வருசம் உங்க சத்தம் எனக்கே கேட்டதில்ல. கபாடிக்காரனுக்குக் கேட்ருச்சே!" என்று சிரித்தார். பிள்ளைகளைக் கூப்பிட்டு, "போட்டோ எடுத்துக்கோங்கப்பா" என்றும் சொன்னார்.

உயிர்ப்புப் பெருவிழாவில் நாலு குரலும் நிறைந்து பாடியதை நீங்களே கேட்டீர்கள். நான் தூணுக்கு முன்னால் நின்றேன்.

அன்பானவர்களே, பூச்சிக்கென்று நான் வைத்த வேப்பிலையைக் கொண்டே ஆண்டவர் அந்த நோட்டைக் காத்தார். உங்கள் வீட்டில் எது தொலைந்திருந்தாலும் என்னைப் போல மூடி வைக்காதீர்கள். அவரிடம் கேளுங்கள், வீட்டாரிடமும் சொல்லுங்கள். இந்தத் தாளை வாசித்துத் தருகிறேன் என்று ஸ்டெல்லா கேட்டாள். கொடுக்கவில்லை. பொருத்தனை என்னுடையது. இதோ மைக் முன்னால் நானேதான் வாசிக்கிறேன்.