மூன்றாம் பக்கத்தில் ஒரு கோடு

விருது பெறுவதற்குத் தகுதி வேண்டும், விருது வழங்குவதற்குப் பெருந்தன்மை வேண்டும், விருதுக் குழுவுக்குச் செயலாளராக இருப்பதற்கோ நல்ல மூக்குக்கண்ணாடியும் உறுதியான முழங்காலும் இருந்தால் போதும். கண்ணாடி, வந்து குவியும் பரிந்துரைகளைப் படிக்க. முழங்கால், பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் அலுவலகத்தின் செங்குத்துப் படிகளில் ஏற.

கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் குழு ஆண்டுக்கு ஒரு விருது வழங்குகிறது. இந்த மலாய் நாட்டின் ஆய்வுக்கூடங்களில் நம் தமிழ்ப் பிள்ளைகள் சிறுபான்மையினர். வரிசையாக நிற்கும் வெள்ளை மேலங்கிகளுக்கு நடுவே தனியாக நிற்கும் அத்தகைய பிள்ளையின் பக்கத்தில் போய் நின்ற அறிவியலாளருக்குத்தான் அந்த விருது. உங்களில் எவரேனும் ஏதாவது ஒரு சங்கத்தில் செயலாளராக இருந்திருந்தால், இனி நான் சொல்வதைக் கேட்டு என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

ஐந்து கடிதம், ஒரே விளக்கு

நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில், ஒரு பேராசிரியருக்கு ஐந்து மாணவர்கள் பாராட்டுக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். முதல் கடிதத்தில் அவர் "இருண்ட கடலில் எங்கள் கலங்கரை விளக்கம்". இரண்டாவதிலும் அதே கடல், அதே விளக்கம். ஐந்தாவது கடிதத்தை முடித்தபோது கடலில் மூழ்கியவள் நான்தான். முப்பது ஆண்டு விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனாவை எடுத்து ஐந்து விளக்குகளையும் வட்டமிட்டுவிட்டு, பேராசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

அவர் சிறிதும் வெட்கப்படவில்லை. மிகுந்த அக்கறையோடு கேட்டார்: "பிள்ளைங்களுக்குப் பாராட்டி எழுதத் தெரியாது டீச்சர், அதான் நானே ஒரு மாதிரி எழுதிக் குடுத்தேன் லா. அஞ்சு பேரும் தப்பில்லாம எழுதியிருக்காங்கதானே?"

மூன்றாம் பக்கம்

அந்த விளக்குகள் தந்த எரிச்சலில்தான் விண்ணப்பப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தை நானே வடிவமைத்தேன். உதவி பெற்ற மாணவர்களின் பெயர், பள்ளி, குடும்பச் சூழல், இன்றைய நிலை என நான்கு கட்டங்கள். பெயர் இருந்தால் சரிபார்க்கலாம், சரிபார்த்தால் பொய் நிற்காது. அந்தப் பக்கத்தைக் குறித்து எனக்குப் பெருமையே இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு, மலாய் மொழியில் கையால் எழுதிய பரிந்துரை ஒன்று வந்தது. எழுதியவர் கத்திஜா, காஜாங் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வுக்கூட உதவியாளர். அவர் பரிந்துரைத்தது அங்கே தண்ணீரின் தரத்தை ஆராயும் டாக்டர் மங்கையை. பல ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் ஆய்வுக்கூடத்தைத் திறந்து, செய்முறைப் பாடத்துக்கு வசதியில்லாத பிள்ளைகளுக்கு அவர் பயிற்சி அளிக்கிறாராம். கடிதத்தின் கடைசிப் பத்தி எளிமையாக இருந்தது: டாக்டர் ஆண்டிறுதியில் ஓய்வு பெறுகிறார், அதன் பிறகு சனிக்கிழமைச் சாவியைத் திருப்பித் தரச் சொல்லிவிட்டார் துறைத்தலைவர், வெளியார் மதிக்கும் பணி இது என்று தெரிந்தால் மனம் மாறுவார், ஆகவே இந்த விருது கிடைத்தால் பிள்ளைகளுக்குக் கதவு மூடாது. எங்கள் விருதோ பணியில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரியது. எனவே அவருக்கு இது கடைசி வாய்ப்பு.

டாக்டர் மங்கை நிரப்பியிருந்த படிவத்தைத் திருப்பினேன். முதல் இரு பக்கங்களிலும் முத்து முத்தான எழுத்து. மூன்றாம் பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு, அடிமட்டம் வைத்துக் கிழித்தது. ரயிலேறிக் காஜாங் போனேன். டாக்டர் மங்கை உயரம் குறைந்தவர்; பேசும்போதும் ஒரு குடுவையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பெயர் தராவிட்டால் விருது இல்லை, விருது இல்லாவிட்டால் சாவி இல்லை என்று அவருக்கு விளக்கினேன். தெரியும் என்றார். கதவருகே நின்ற கத்திஜா கூரையைப் பார்த்தார். டாக்டர் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாவி என்னுது டீச்சர், அதை நான் இழக்கலாம். பேரு அவங்களுது. அதை எப்படி நான் எடுத்துக் குடுக்க முடியும்?"

நான் மோசடிக்காரியானேன்

ஒருவர் மறுத்துவிட்டார் என்பதற்காகக் கோப்பை மூடிவிடும் பழக்கம் எனக்கு இல்லை. பழைய மாணவர் ஒருவரின் எண்ணைக் கத்திஜா கொடுத்தார். "இவன் தைரியசாலி, கோபித்துக்கொள்ள மாட்டான்" என்றார். அந்த இளைஞருக்கு இங்கே ரூபன் என்று நானாக ஒரு பெயர் வைக்கிறேன். கிள்ளானில் ஒரு நீர்ப் பரிசோதனை நிலையத்தில் வேலை. விருது விஷயமாகப் பேச வேண்டும் என்று நான் தொடங்கியதும் மறுமுனையில் குரல் உயர்ந்தது.

"ஆன்டி, நான் எந்தப் போட்டியிலயும் கலந்துக்கல. பார்சலும் ஆர்டர் பண்ணல. பேங்க் நம்பர் கேட்டீங்கன்னா இப்பவே போலீசுக்குப் போன் போடுவேன், ஓகே?"

"தம்பி, நான் ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. போன வாரம் ஒருத்தரு ஓய்வு பெற்ற நீதிபதி. சரி, நெஜமாவே கெமிஸ்ட்ரி டீச்சர்னா இதுக்குப் பதில் சொல்லுங்க. ஒருத்தன் பிப்பெட்டை வாயில வெச்சு ஆசிட்டை உறிஞ்சுறான். என்ன செய்வீங்க?"

அப்படி ஒருவன் என் வகுப்பில் இருந்தான். அந்த நாளின் நடுக்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. "என்ன செய்வேனா? அந்த நிமிஷமே உன்னை வராந்தாவில் நிறுத்தியிருப்பேன்! பற்சிப்பி போய்விடும், தொண்டை வெந்துவிடும், உன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?" என்று என்னையும் அறியாமல் கத்திவிட்டேன்.

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. "சரி சரி, நம்புறேன் டீச்சர். ஸ்கேம் பண்றவங்களுக்கு இவ்வளவு கோவம் வராது லா."

விதியை எழுதிய கை

அடுத்த ஞாயிறு ரூபன் எங்கள் படிகளில் ஏறி வந்தார். மூன்றாம் பக்கத்தை மேசையில் விரித்து, இதில் என்ன தவறு என்று கேட்டேன். அவர் விரல் 'குடும்பச் சூழல்' என்ற கட்டத்தில் போய் நின்றது. பதினேழு வயதில் வேறொரு உதவித் திட்டத்தில் சேர்ந்தாராம். அவர்கள் அவருடைய படத்தை ஒரு கையேட்டில் அச்சிட்டு, அப்பா லோரியில் குப்பை அள்ளுபவர், அம்மா நோயாளி என்று கீழே எழுதிவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரமே உடன் படித்த ஒருவன் அந்தப் பக்கத்தை விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினான். அதைக் கிழித்தெடுத்த அன்றுதான் அதே பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் மங்கையிடம் போனார். அவர் அனுதாபமாக எதுவும் சொல்லவில்லை. ஒரு மேலங்கியைக் கொடுத்து, இந்தக் கதவுக்குள் வந்த எவர் பெயரும் என் மூலமாக வெளியே போகாது என்று மட்டும் சொன்னாராம்.

பொய்யர்களைப் பிடிக்க நான் விரித்த வலையில் சிக்கியிருந்தவர், வாக்குத் தவறாத ஒருவர். குழுக் கூட்டத்தில் எழுந்து, அந்தப் பக்கத்தின் கட்டங்களை நீக்கி வெறுமையாக விட வேண்டும், விருப்பமுள்ள மாணவர்கள் தாங்களாகவே செயலாளருக்கு உறையிட்டு எழுதட்டும், செயலாளர் மட்டும் படித்து உறுதியளிக்கட்டும் என்று முன்மொழிந்தேன். தலைவர் சிவபாலன் ஓய்வு பெற்ற பொறியாளர். விதியைத் தாங்குதூணாகக் கருதுபவர். ஒரு தூணை எடுத்தால் கூரை நிற்குமா என்று ஒரு மணி நேரம் வாதாடினார். எழுதியவளே தவறு என்று சொல்கிறேன், இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை எழுதச் சொல்லி எங்களை மிரட்டினதும் நீங்க, எடுக்கச் சொல்லி மிரட்டுறதும் நீங்க. சரி டீச்சர், எடுத்துருவோம். ஆனா மினிட்ஸ்ல 'ஏகமனதாக'ன்னு எழுதிடுங்க, வெளிய மானம் போகும்."

உறைகள்

கத்திஜா செய்தியைப் பரப்பினார். மூன்று வாரங்களில் உறைகள் வந்து சேர்ந்தன. எதிலும் கலங்கரை விளக்கம் இல்லை. ஒரு பெண், டாக்டர் தன்னை ஒருமுறைகூடப் பாராட்டியதில்லை என்று குறைபட்டிருந்தார். ஒரே சோதனையைப் பதினோரு முறை செய்யவைத்து, பதினோராம் முறை 'இப்போது நீயே உன்னை நம்பலாம்' என்று சொன்னாராம். இன்னொருவர், மழை நாளில் நனைந்த காலணியோடு வந்தபோது டாக்டர் அதை எடுத்து உலர்த்தும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்ததை எழுதியிருந்தார். ஆய்வுக்கூட ஒழுங்குப்படி அது தவறு. ஆனாலும் நான் சிவப்புப் பேனாவைத் தேடவில்லை.

கடைசி உறை செலாயாங்கிலிருந்து வந்தது. எழுதியவரின் அனுமதியோடு இதைச் சொல்கிறேன். அவர் பட்டப்படிப்பை முடிக்கவில்லை. மொத்தச் சந்தைக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறார். டாக்டர் மங்கை இன்றும் மாதம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, படிப்பைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல், முட்டைக்கோஸ் விலையை விசாரிப்பாராம். கடிதம் இப்படி முடிந்தது: "பாஸானவங்களை மட்டும் எண்ணுனீங்கன்னா என்னை விட்டுருவீங்க டீச்சர். அவங்க விடல."

எழுந்தவர்களும் எழாதவர்களும்

புதிய படிவத்தில் டாக்டர் மங்கை கையொப்பமிட்டார். குழு ஏகமனதாகவே, இம்முறை உண்மையாகவே ஏகமனதாக, அவரைத் தேர்ந்தெடுத்தது. விழா பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில். துறைத்தலைவரை முன்வரிசையில் அமரவைத்தேன், காரணம் உங்களுக்குத் தெரியும். மாணவர்களைக் குறித்து மேடையில் ஒரு சொல்லும் வரக்கூடாது என்று அறிவிப்பாளரிடம் இருமுறை சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். ஆனால் கைத்தட்டலில் கிறங்கிய அந்த இளைஞர், "டாக்டரோட ஸ்டூடன்ஸ் எல்லாரும் கொஞ்சம் எழுந்து நில்லுங்க பார்ப்போம்!" என்று கூவிவிட்டார்.

மண்டபத்தில் ஒரு நாற்காலியும் அசையவில்லை. டாக்டர் மங்கை தலையைத் தாழ்த்தி, கையிலிருந்த கேடயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கவாட்டு வாயிலருகே சட்டைக் கையை மடித்துவிட்டிருந்த ஒருவர் எழுந்தார். "செலாயாங்!" என்று தம் ஊரை மட்டும் உரக்கச் சொன்னார். சிரிப்பு எழுந்தது. அதன்பின் அங்கொருவர், இங்கொருவராகப் பதினான்கு பேர் எழுந்தார்கள். முன்வரிசையில் துறைத்தலைவர் திரும்பிப் பார்த்து, மெல்ல அவரும் எழுந்து நின்றார். விழா முடிவதற்குள்ளேயே சாவி கத்திஜாவிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். கத்திஜா அதை ஏற்கெனவே கைப்பைக்குள் வைத்திருந்தார் என்பது வேறு செய்தி.

ரூபனைப் பின்வரிசையில் பார்த்தேன். அவர் எழவில்லை. அவரைச் சுற்றி இன்னும் சிலரும் எழவில்லை. சிற்றுண்டி நேரத்தில், தட்டில் இரண்டு வடையோடு என்னருகே வந்து நின்றார். அவரை ஏன் என்று கேட்கக்கூடாது என்பதை அதற்குள் நான் கற்றிருந்தேன். அவராகவே சொன்னார்: "நான் எந்திரிக்கல டீச்சர். டாக்டர் கடைசி வரைக்கும் பின்வரிசைப் பக்கம் திரும்பவே இல்ல, கவனிச்சீங்களா? என்னைப் பார்த்துட்டா நான் எந்திரிச்சே ஆகணும்னு அவங்களுக்குத் தெரியும்."

இந்த ஆண்டுப் படிவங்களும் அச்சாகி வந்துவிட்டன. மூன்றாம் பக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்த்து அச்சகத்தார் மை தீர்ந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார், நான் எழுதியவற்றிலேயே சிறந்த பக்கம் அதுதான் என்று அவருக்கு விளக்க எனக்குப் பொறுமை போதவில்லை.