கூடை போட்டு மூடிய தடம்

நான் இளம்பிள்ளை நெசவாளி. போன மாசியில் சேலை மூட்டையோடு மேச்சேரிச் சந்தைக்கு நடந்து போனேன். வழியில் ஒரு கோயிலில் கும்பிட்டு வெளியே வந்தால் என் செருப்பைக் காணோம். அதே அளவில் வேறொரு ஜோடிதான் கிடந்தது. வெயில் சுட்டதால் அதை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

அடுத்த ஊரில் முந்தின நாள் ஆடு களவு போயிருந்தது. பட்டியருகே பதிந்த செருப்புத் தடத்தைத் தலையாரி கூடை போட்டு மூடி வைத்திருந்தார். அந்த வழியே வரும் வெளியூர்க்காரர்கள் பக்கத்தில் காலை ஊன்றிக் காட்டவேண்டுமாம். நானும் ஊன்றினேன். தடம் அச்சாகப் பொருந்தியது.

"கோயில் வாசல்ல கெடந்ததுங்க சாமி, தெரியாம மாட்டிட்டனுங்க!"

"ஆடு தின்னவன் வாயப் பாரு" என்று சிரித்தார்கள். புளியமரத்தில் கட்டி அடித்தார்கள். ஒரு பல் போயிற்று.

உச்சி வேளையில் இன்னொருவன் வந்தான். அவன் காலில் என் செருப்பு! பாவு நூலால் நான் தைத்த வாரைக் காட்டினேன். செருப்பை மாற்றிய திருடன் இவனே என்று, என்னை அவிழ்த்து அவனைக் கட்டினார்கள். எனக்கு மோர் கொடுத்தார்கள்.

"கோயில் வாசல்ல கெடந்ததுங்க சாமி" என்று அவன் கதறினான்.

இப்போது வெறுங்காலோடுதான் நடக்கிறேன். அவன் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தபோது, நானும் மோரைக் குடித்தபடி சிரித்தேன்.