வயதில் குறைத்த மூன்று வருடம்

சுவிஸில், கூர் நகரத்து ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலத்தில்தான் எனக்குக் கைரோபிராக்டிக் விசர் பிடித்தது. முதுகெலும்பைக் கையால் சரிப்படுத்தும் வைத்தியம். இங்கே கல்லூரியில் உயிரியலும் இரசாயனமும் படித்துத் தேறினால், மிச்சத்தைக் கனடாவில் படிக்கலாம். அகதி வழக்கு முடியும்வரை எல்லை தாண்ட முடியாதுதான். வழக்கு வென்றுவிடும் என்று நம்பினேன். இருபது வயதில் எதைத்தான் நம்பமாட்டோம்!

குளிர்காலம் முழுக்கப் பகலில் வகுப்பு, பின்னேரம் கோப்பை. ஊர்ச் சான்றிதழ் வந்ததும் பதிவதாகச் சொல்லி, கல்லூரியில் தற்காலிகமாக இருத்தியிருந்தார்கள். எலும்புகளின் இலத்தீன் பெயர்கள் சனியன்கள், மண்டையில் ஏறவில்லை. அறையில் கூட இருந்த அண்ணையைக் குப்புறப் படுக்கவைத்து, ஒவ்வொரு எலும்பாகத் தொட்டுப் பாடமாக்கினேன். அவரும் கோப்பைக்காரர்தான். சட்டி தூக்கித் தூக்கி நாரி போய், இடுப்பை நிமிர்த்த முடியாதவர்.

"டேய், நீ டொக்டரா வாறதுக்குள்ள என்ரை நாரி முறிஞ்சிடும்."

"அசையாதேங்கோ அண்ணை, எண்ணிக்கை பிழைக்குது."

"ஓம் ஓம், எண்ணு. உன்ரை முதல் நோயாளி நான்தான், மறந்திடாதை."

மாசியில் அம்மா அனுப்பிய சான்றிதழ் வந்தது. உயர்தரப் பரீட்சையில் மூன்று ஏ. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் அதைக் கல்லூரி அலுவலக அம்மாவின் மேசையில் வைத்தேன். சான்றிதழில் இருந்தது பதிவுப் பெயர், என் அகதி அனுமதி அட்டையில் வீட்டுப் பெயர். எங்கள் ஆட்களுக்கு இரண்டு பெயர் உண்டு என்று சொல்ல ஜெர்மனில் வசனம்கூடப் பாடமாக்கிப் போயிருந்தேன்.

அவர் பெயரைப் பற்றிக் கேட்கவே இல்லை. சான்றிதழில் பரீட்சை வருடத்தில் விரலை வைத்து, அட்டையில் பிறந்த வருடத்தைப் பார்த்தார்.

"பதினைந்து வயதிலா இந்தப் பரீட்சையை எழுதினீர்கள்?"

அட கடவுளே! வந்திறங்கிய நேரம், அகதி முகாமில் எங்கள் பெடியங்கள் ஒரே குரலில் புத்தி சொன்னார்கள்: "வயசைக் குறைச்சுச் சொல்லு. சின்னப் பெடியனைத் திருப்பி அனுப்பமாட்டாங்கள்." இருபதைப் பதினேழாக்கினேன். நுணலும் தன் வாயால் கெடும். மடையன் நான், பெயருக்குப் பதில் தேடினேனே தவிர வருடத்தை யோசிக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் விசாரணையில் பொய் சொன்னவன் ஆகிவிடுவேன். வழக்குப் போகும், என்னைக் கொழும்புக்கு ஏற்றுவார்கள். என்னோடு படித்த இரண்டு பேரை ஆமி பிடித்துப்போய் ஒரு தகவலும் இல்லை.

"இது என்னுடையது இல்லை," என்றேன். "அண்ணனுடையது. மாறி வந்துவிட்டது."

"அப்படியானால் உங்களுடையதைக் கொண்டுவாருங்கள்." சான்றிதழை இன்னொரு தரம் பார்த்தார். "நல்ல பெறுபேறு. உங்கள் அண்ணன் எங்கே? அவருக்கு விருப்பமென்றால் இன்றைக்கே சேர்த்துக்கொள்வேன்."

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. நான்கு அக்காமாருக்குப் பிறகு பிறந்த ஒரே ஆண்பிள்ளை நான்.

"செத்துவிட்டார்," என்றேன்.

அந்த அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார். கண் கலங்கியிருந்தது. நன்றி சொல்லி, சான்றிதழை வாங்கி மடித்துக்கொண்டேன். தெருவுக்கு வந்து அழுதேன். பனிக்குள் நின்று, வெட்கமில்லாமல் உரத்து அழுதேன்.

அறைக்குப் போனபோது அண்ணை சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்திருந்தார்.

"எங்கையடா போனனீ? வா, வந்து எண்ணு."

"சட்டையைப் போடுங்கோ அண்ணை," என்றேன். "குளிருது."