ரெண்டு மணிக்குத்தானே இறங்கும்?

விமானம் தலைக்கு மேலே கூடப் போகாத திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு, எந்த விமானம் எத்தனை மைல் பறந்து எப்போது இறங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் உத்தியோகம். சரியான விடையைச் சொல்லி வசவு வாங்கியவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நூல் பிடித்தது

பி.எஸ்ஸி. கணிதம் முடித்து, எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைக்கும்வரை செங்கம் ரோட்டில் ஒரு டிக்கெட் ஆபீஸில் சேர்ந்தேன். பூகோள உருண்டையில் ஊருக்கு ஊர் நூலை இழுத்துப் பிடித்து, மைலாக்கி, வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்ப்பேன். சிங்கப்பூர் போகவிருந்த தோல் வியாபாரி பாய் ஒருவரிடம், "மெட்ராஸிலிருந்து ஆயிரத்து எண்ணூறு மைல்" என்றேன். என்னையும் நூலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜாஸ்தியா இருக்கே! ஆம்பளைங்க யாராவது நூல் புடிச்சா கம்மியாகுமாம்மா?"

முதலாளியின் கழித்தல்

சன்னதித் தெரு குருக்கள் வீட்டுப் பிள்ளைக்கு லண்டனில் வேலை. தை பிறந்ததும் பயணம். பம்பாயில் காலை ஆறுக்கு ஏறினால் லண்டனில் பகல் இரண்டுக்கு இறங்கலாம். முதலாளி இரண்டையும் கழித்து, 'எட்டு மணி நேரம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "லண்டன் கடியாரம் நமக்கு அஞ்சரை மணி பின்னாடி சார். வழியில ரெண்டு இடத்துல வேற நிக்குது. மொத்தம் பதிமூணரை!" நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டி அரை மணி நேரம் வாதாடினேன். அவர் வெற்றிலைச் செல்லத்தை மூடினார்.

"டைம்டேபிள்ள அச்சடிச்சவனைவிட ஒன் நோட்டு பெருசாம்மா?"

மாமியின் விரதம்

விடுவேனா? நோட்டை எடுத்துக்கொண்டு குருக்கள் வீட்டுக்கே போனேன். பையனின் அம்மா மாமிதான் இருந்தார். கார்த்திகை விரதத்தில் மயங்கி விழுந்தவர். வேளாவேளைக்குச் சாப்பிட்டு மாத்திரை போட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அந்த மாமி சொன்னார்: "அவன் ஏறினதுலேருந்து இறங்கற வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படாதுன்னு அண்ணாமலையார்கிட்ட வேண்டிண்டுட்டேன்."

எட்டு மணி நேரத்தையாவது தாங்கிவிடலாம். பதிமூன்றரை? ராத்திரி ஏழரை வரை? நோட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"ரெண்டு மணிக்குத்தானேடி இறங்கும்?"

"ஆமா மாமி. ரெண்டு மணிக்குத்தான்." வாழ்க்கையில் முதல்முறையாக வாதாடாமல் வாயை மூடிக்கொண்டேன்.

மாமி என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். "கணக்குப் படிச்ச பொண்ணு சொன்னா தப்பாது."

லண்டன் கடிதம்

பிள்ளை புறப்பட்டுப் பத்து நாள் கழித்து மாமி கடிதத்தோடு ஆபீஸுக்கே வந்துவிட்டார். 'நான் இறங்கும்போது நம் ஊரில் ராத்திரி ஏழரை' என்று பிள்ளை எழுதியிருந்தான். "அவன் நடு ஆகாசத்துல இருக்கச்சே நான் ரசஞ்சாதம் சாப்பிட்டிருக்கேன்!" என்றார். முதலாளி உடனே என்னைக் கை காட்டினார்: "கணக்கெல்லாம் இந்தப் பொண்ணுதான் மாமி."

கொதித்துப்போய் வாயைத் திறந்தேன். மாமி என்னையே பார்த்தார். பிறகு மேஜைமேல் கிடந்த என் நோட்டைப் பார்த்தார். அன்று முதுகுக்குப் பின்னால் போன அதே நோட்டு. மெல்லச் சிரித்தார்.

"அவன் திரும்பி வரச்சேயும் நீயே நேரம் சொல்லுடி கொழந்தே. ஆனா, இதே மாதிரி கம்மியாவே சொல்லு."

கிழக்கே வரும்போது அந்த ஐந்தரை மணியையும் கூட்டிக் காட்டும் முதலாளியின் கழித்தல் அதே பதிமூன்றரையைப் பத்தொன்பதாக்கி மாமியைப் பட்டினி போட்டுவிடும் என்பதால், அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் உண்மையையே சொல்லிவிடுவதென்று தீர்மானித்திருக்கிறேன்.